பழைய மோட்டார் படகுக்குப் புது ஃபைபர் மூடி: மோல்டு எடுத்துச் செய்யும் முறை

1960, 70களில் கட்டிய ஒரு மோட்டார் படகைப் புதுப்பிக்க உட்காருகிறவருக்கு என்ஜின் உதிரிகள் எங்காவது தேடினால் கிடைத்துவிடும். துருப்பிடிக்காத போல்ட், கீல், வயர் எல்லாம் கடையில் இருக்கிறது. கிடைக்காதவை ஃபைபர் பாகங்கள்தான். என்ஜின் மேல் மூடி, டாஷ்போர்டு, காற்று வாங்கும் கூம்பு, சீட்டுக்கு அடியில் வரும் பெட்டியின் கதவு ஆகியவற்றைச் செய்த கம்பெனியே பல நேரம் இப்போது இருக்காது. இருந்தாலும் அந்த மாடலின் மோல்டு எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்கிறது: 1.2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், சுற்றிலும் 10 செ.மீ. கீழே மடிந்து இறங்கும் என்ஜின் மூடி. இதைச் செய்யத் தெரிந்தால் மற்றவையும் வந்துவிடும்.

முதலில் அடிப்படை. ஃபைபர் என்று நாம் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, கண்ணாடி இழை. இழுவிசையைத் தாங்குவது அதுதான். இன்னொன்று, அந்த இழைகளைப் பிடித்து வைக்கும் ரெசின். இழை துணி மாதிரிச் சுருட்டி வருகிறது, ரெசின் டின்னில் தேன் மாதிரி வருகிறது. ரெசினில் ஹார்டனர் கலந்து, இழையை அதில் ஊறவைத்து, ஏதாவது ஒரு வடிவத்தின் மேல் படிய வைத்தால் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். அந்த வடிவம்தான் மோல்டு.

குழிப்பணியாரக் கல்லை நினைத்துக்கொண்டால் மீதி எளிது. மாவின் எந்தப் பக்கம் கல்லைத் தொடுகிறதோ அந்தப் பக்கம்தான் வழுவழுப்பாகவும் உருண்டையாகவும் வரும். மேல் பக்கம் எப்படியோ இருக்கும். ஃபைபர் மூடியும் அப்படியே. வெளியே பளபளப்பாகத் தெரியும் முகம்தான் மோல்டைத் தொட்டுக்கொண்டு முதலில் உருவாவது. உள்பக்கம் கடைசியில் வருவதால் சொரசொரப்பாக இருக்கும். கல்லில் எண்ணெய் தடவாவிட்டால் பணியாரம் ஒட்டும். மோல்டில் வேக்ஸ் போடாவிட்டால் மூடி ஒட்டும். குழி அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால்தான் பணியாரம் கிளம்புகிறது. மோல்டின் பக்கச் சுவர்களும் இரண்டு மூன்று டிகிரியாவது வெளியே சாய்ந்திருக்க வேண்டும்.

ஆக வேலை மூன்று கட்டம். பழைய மூடியைத் திருத்தி மாதிரியாக வைப்பது. தொழிலில் அதை பிளக் என்பார்கள். பிளக்கின் மேல் ஃபைபர் படிய வைத்து மோல்டு எடுப்பது. மோல்டுக்குள் புது மூடியை வார்ப்பது. கேட்கும்போது மூன்றாவது கட்டம்தான் வேலை என்று தோன்றும். உண்மையில் உழைப்பில் பாதிக்கு மேல் முதல் கட்டத்தில் போகும், போகவும் வேண்டும். மோல்டு எதையும் திருத்தாது. பிளக்கில் தலைமுடி அளவு கீறல் இருந்தால் மோல்டில் அது மேடாக வரும், புது மூடியில் திரும்பவும் கீறலாக வரும்.

மோல்டு தேவையா என்று முதலில் பாருங்கள்

பலர் தேவையில்லாத இடத்தில் மோல்டு எடுக்கிறார்கள். மூடியின் மேல் தோல் நன்றாக இருந்து, உள்ளே இருக்கும் பிளைவுட்டோ பால்சா மரமோ மட்டும் ஊறி அழுகியிருந்தால், கீழ்த் தோலை வெட்டி எடுத்து, அழுகியதைச் சுரண்டி, புதுக் கோர் (இரண்டு தோலுக்கும் நடுவே வரும் பொருள்) வைத்து மூடுவது பாதி நேரத்தில் முடியும். அசல் வெளி முகமும் தங்கும். வளைவே இல்லாத தட்டைக் கதவு என்றால் அதற்கும் மோல்டு வேண்டாம். வேக்ஸ் போட்ட கண்ணாடி மேலோ, சன்மைக்கா ஒட்டிய பலகை மேலோ நேராகப் படிய வைத்துக் கெட்டியானதும் உரித்து அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

வெளி முகமே உடைந்து துண்டாகியிருந்தால், அல்லது படகில் இடது மூடி இருந்து அதே வடிவத்திலான வலது மூடி தொலைந்துபோயிருந்தால்தான் மோல்டுக்கு அர்த்தம் உண்டு.

இடையில் ஒரு விஷயம். அடுத்தவர் செய்த படகின் மேல் நேராக மோல்டு எடுப்பது அமெரிக்காவில் பெரிய வழக்காகவே போனது. ஃபுளோரிடா மாநிலம் 1983இல் அதைத் தடுத்துச் சட்டம் போட்டது. போனிட்டோ போட்ஸ் என்ற கம்பெனி தண்டர் கிராஃப்ட் போட்ஸ் மேல் தொடுத்த வழக்கில் 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. பிறகு 1998இல் படகு உடல் வடிவத்துக்கென்றே தனியாக ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அந்தச் சண்டை படகு உடலையே பிரதியெடுத்து விற்பதைப் பற்றியது. சொந்தப் படகின் உடைந்த மூடிக்கு மாற்று செய்துகொள்வது வேறு.

பழைய மூடி என்ன சொல்கிறது

பழையதைத் தொடுவதற்கு முன் அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எப்படியும் வேண்டாத ஒரு மூலையிலிருந்து 25 மி.மீ. வட்டத் துண்டு ஒன்றை ஹோல் சாவால் வெட்டி எடுங்கள். திறந்த வெளியில், காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்டி நின்று, ஒரு தகர டப்பாவில் வைத்து எரியுங்கள். கரும்புகையோடு ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி எரியாது. ஆறிய பிறகு ஊசியால் பிரித்தால் எத்தனை அடுக்கு, எது மேட் (நெய்யாமல், துண்டு இழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு), எது நெய்த ரோவிங் (தடித்த இழைக் கற்றைகளால் நெய்த துணி) என்று வரிசையாகத் தெரியும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் கண்ணாடியின் பங்கும் தெரிந்துவிடும். வெறும் மேட் அடுக்குகள் என்றால் மொத்த எடையில் 30 சதவீதத்தை ஒட்டி வரும்.

அடுத்து மூடியைப் படகின் மேல் வைத்துப் பாருங்கள். கோர் அழுகிய மூடி நடுவில் தொங்கியிருக்கும், இல்லை ஒரு மூலை முறுக்கியிருக்கும். அளவை மூடியிலிருந்து எடுக்காதீர்கள். படகின் திறப்பிலிருந்து எடுங்கள். திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கீல், பூட்டு இருந்த துளைகளின் இடத்தையும் ஒரு அட்டையில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் வேலையில் அந்தத் துளைகள் எல்லாம் மறைந்துவிடும்.

தொடக்கக்காரர்கள் கோட்டைவிடுவது இன்னொன்றில். பிளக்கின் மேல் எடுத்த மோல்டு மூடியின் வெளி அளவைத்தான் பிடிக்கும். உள் அளவை முடிவு செய்வது நீங்கள் போடும் மேட்டின் தடிமன். மூடியின் பக்கங்கள் படகின் உயர்ந்த விளிம்புக்கு வெளியே இறங்கி உட்காரும் வகை என்றால், பலமாக இருக்கட்டும் என்று இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டவரின் மூடி விளிம்பில் இறங்காது. போதாததற்கு ரெசின் கெட்டியாகும்போது சுருங்கும். மோல்டிலும் சுருங்கி, பாகத்திலும் சுருங்கி, இந்த அளவு மூடியில் ஒன்றிரண்டு மி.மீ. குறையலாம். பழைய மூடிக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை இப்போதே அளந்துவைத்து, பக்கங்களில் பழைய தடிமனைத் தாண்டாமல் இருங்கள். பலம் வேண்டுமென்றால் மேல் தட்டில் சேர்க்கலாம்.

பிளக் தயாரித்தல்

மூடியை நேராக்கி, உள்பக்கம் மரச் சட்டங்களை ஒட்டி அந்த நிலையிலேயே பூட்டுங்கள். மேலே ஆள் நின்றால் அசையக் கூடாது. அசையும் பிளக்கின் மேல் எடுத்த மோல்டு முறுக்கிக்கொண்டுதான் வரும்.

பழைய சிலிக்கான் சீலன்ட் எங்கேயாவது ஒட்டியிருந்தால் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் சிலிக்கான் எல்லா இடத்திலும் பரவி, பிறகு பூசுவது எதுவும் அங்கே நிற்காமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். காருக்குப் போடும் பாலிஷ்களிலும் சிலிக்கான் இருப்பது வழக்கம் என்பதால் அவற்றை இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

வெடிப்புகளை வி வடிவில் வெட்டி, பாலியஸ்டர் பட்டி போட்டு நிரப்புங்கள். 80ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320. பிறகு தண்ணீர் விட்டு 400, 600, 800, 1000. நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கோடு கடைசி வரை போகாது. நீளப் பரப்பை விரலால் அழுத்தித் தேய்க்காமல் நீள மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் அலை வராது. டியூப் லைட் வெளிச்சம் பரப்பில் விழும்படி நின்று பாருங்கள்: லைட்டின் பிம்பம் நேராக ஓடினால் சரி, நெளிந்தால் அங்கே பள்ளம்.

பட்டி போட்ட இடம் நுண்துளையோடு இருக்கும், அதன் மேல் நேராக மோல்டு எடுக்க முடியாது. இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, பாலிஷ் போடுங்கள். சாதாரண எனாமல் வேண்டாம். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் எனாமலைக் கரைத்துச் சுருக்கிவிடும்.

மேலே கால் வழுக்காமல் இருக்க வைரக் கட்டம் போட்ட மூடி என்றால் அந்தப் பகுதியைத் தேய்க்காதீர்கள். மோல்டு அந்தக் கட்டத்தை அப்படியே எடுத்துக்கொடுக்கும்; கையால் திரும்பச் செய்ய முடியாத வேலை அது. அங்கே வேக்ஸ் போடும்போது பழைய பல் துலக்கும் பிரஷால் பள்ளங்களில் தேங்கியதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கட்டம் மழுங்கும்.

கூர்மையான மூலைகளைக் குறைந்தது 6 மி.மீ. ஆரம் வருமாறு வளைத்துவிடுங்கள். மேட் காகிதம் மாதிரி மடியாது. கூரான மூலையில் பாலம் போட்டு நிற்கும், அடியில் காற்று தங்கும்.

திருத்திய மூடியை வழுவழுப்பான ஒரு பலகை மேல் வைத்து, அடியிலிருந்து திருகு போட்டு இறுக்குங்கள். பலகை சுற்றிலும் 6, 7 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நீட்சிதான் மோல்டின் விளிம்பாக வந்து, பிறகு புது மூடியின் ஓரத்தை எங்கே வெட்டுவது என்று காட்டும். மூடிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தையும் திருகுத் துளைகளையும் குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணால் அடையுங்கள். பக்கச் சுவர் உள்ளே சாய்ந்திருந்தால் ஒற்றை மோல்டு கிளம்பாது. நடுவே ஒரு தடுப்புப் பலகை நிறுத்தி, பாதி பாதியாக இரண்டு துண்டில் எடுத்து போல்ட் போட்டு இணைக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே அப்படி ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

வேக்ஸ்: மோல்டுக்கென்று விற்கும் கார்னோபா வேக்ஸை மெல்லியதாகத் தடவி, மங்கியதும் துடைத்து, ஒரு மணி நேரம் விட்டு அடுத்த கை. புதுப் பிளக்குக்கு ஆறு கையாவது போட வேண்டும். அதன் மேல், ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. திரவத்தை ஸ்பிரேயிலோ ஸ்பாஞ்சிலோ ஒரு படலமாகப் பூசி அரை மணி காயவிடுங்கள். வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசை இல்லை இது. மோல்டுப் பொருள் விற்கும் கடையில் நீலமாகவோ பச்சையாகவோ வரும். பி.வி.ஏ. பூசினால் பளபளப்பு கொஞ்சம் குறையும் என்று அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. முதல் தடவை செய்கிறவர் தவிர்க்க வேண்டாம். பளபளப்பைப் பாலிஷ் போட்டு மீட்டுவிடலாம், ஒட்டிக்கொண்ட மோல்டை மீட்க முடியாது.

ரெசினும் ஹார்டனரும்

இந்த வேலைக்குப் பாலியஸ்டர் ரெசின் போதும். கெட்டியாக்குவது எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு, பட்டறையில் ஹார்டனர் என்பார்கள். அது தனியாக வேலை செய்யாது, கோபால்ட் கரைசல் தூண்ட வேண்டும். சில ரெசின்களில் கோபால்ட் கலந்தே வரும். நம் ஊர்க் கடைகளில் ரெசின், கோபால்ட், ஹார்டனர் என்று மூன்று டப்பாவாகவும் கொடுப்பார்கள். அப்படி வாங்கினால் கோபால்டை முதலில் ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, ஹார்டனரைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கோபால்டும் ஹார்டனரும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே அளவுக் கோப்பையில் அளப்பதுகூட ஆபத்து. கோபால்டின் அளவு கடைக்குக் கடை வீரியம் மாறுவதால் டப்பாவில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள்.

ஹார்டனர் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். அதாவது 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். 30 டிகிரி வெயில் நாளில் 1 சதவீதத்தை ஒட்டியும், 20 டிகிரியில் 2 சதவீதத்தை ஒட்டியும் இருக்கலாம். சீக்கிரம் இறுகுகிறதே என்று 1 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். அப்படிக் கலந்த ரெசின் மெதுவாக இறுகும் என்று நினைப்பீர்கள். அது எத்தனை நாள் ஆனாலும் முழுசாக இறுகாது. வெயிலுக்கு வழி ஹார்டனரைக் குறைப்பதில் இல்லை. கலக்கும் அளவைக் குறைத்து, விடிகாலையில் நிழலில் வேலையை முடிப்பதில் இருக்கிறது. முதலில் 100 கிராம் கலந்து எத்தனை நிமிடத்தில் ஜெல் ஆகிறது என்று பாருங்கள். 20 முதல் 30 நிமிடம் கிடைத்தால் வசதி.

ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததை ஆழமான டப்பாவில் விடாமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள். இறுகும்போது ரெசின் சூட்டைக் கக்கும். டப்பாவில் குவிந்திருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகை வந்துவிடும். புகைய ஆரம்பித்த டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போடாமல் வெளியே தரையில் வையுங்கள்.

ஸ்டைரீன் ஆவிக்குத் துணி முகமூடி தடையே இல்லை. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும். ஹார்டனர் ஊற்றும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனை.

மோல்டு எடுத்தல்

மூடியின் பரப்பு: மேல் தட்டு 0.96 சதுர மீட்டர், பக்கங்கள் 4 மீட்டர் சுற்றளவு × 10 செ.மீ. = 0.4. மொத்தம் 1.4 என்று வைத்துக்கொள்வோம். விளிம்போடு சேர்த்து மோல்டுக்கு 1.65 சதுர மீட்டர்.

முதலில் டூலிங் ஜெல்கோட். ஜெல்கோட் என்பது இழை இல்லாமல் வெளி முகமாகப் பூசும் கெட்டியான ரெசின். மோல்டுக்கென்று செய்த கடினமான வகை இது, சுமார் 1.7 கிலோ பிடிக்கும். இரண்டு கையாகப் பூச வேண்டும், முதல் கை நீளவாக்கில், இரண்டாவது குறுக்குவாக்கில். விரல் வைத்தால் ஒட்டணும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது. அந்தப் பக்குவத்தில்தான் அடுத்த அடுக்குக்குப் போகலாம். அதற்கு முன்னால் போனால் மேட்டில் ஊற்றும் ரெசினின் ஸ்டைரீன் இறுகாத ஜெல்கோட்டுக்குள் புகுந்து அதை உப்பவைக்கும். முதலைத் தோல் மாதிரிச் சுருக்கம் விழும். ஜெல்கோட் மெல்லியதாக இருந்தாலும் இதே கதி.

அடுத்து 300 கிராம் மேட் ஓர் அடுக்கு மட்டும். 300 கிராம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. ரெசினை முதலில் பரப்பில் தடவி, மேட்டை அதன் மேல் வைத்து, பிரஷால் குத்திக் குத்தி ஊறவையுங்கள். பெயின்ட் அடிப்பது போல இழுத்தால் இழை கலைந்துவிடும். மேட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரித் தெளியும்போது, வரி வெட்டிய இரும்பு ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மேட்டின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்தால் இணைப்பு மேடு தெரியாது.

அன்று அத்தோடு நிறுத்துங்கள். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், அடியில் காற்று இருக்கும் இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். அதை வெட்டி நிரப்பிவிட்டு, 450 கிராம் மேட் நாளுக்கு இரண்டு அடுக்காக மூன்று நாள் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் சூடும் சுருக்கமும் சேர்ந்து மோல்டைக் கோணவைக்கும். மொத்தத்தில் ஏறக்குறைய 5 கிலோ மேட், 12.5 கிலோ ரெசின், 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமன். பாகத்தின் தோலைப் போல இரண்டு மடங்காவது மோல்டு இருக்க வேண்டும் என்பது நடைமுறை. இது சற்று அதிகம், பரவாயில்லை.

பின்பக்கம் மரச் சட்டமோ, அட்டைக் குழாயின் மேல் மேட்டோ வைத்து எலும்புக் கூடு மாதிரி ஒன்று கட்டுங்கள். மோல்டு இறுகிய பிறகு கட்டினால்தான் சட்டத்தின் அச்சு முன்பக்கம் விழாது. பிளக்கிலிருந்து உடனே கழற்றாமல் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். கழற்றப் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பு, இரும்பு வேண்டாம். விளிம்பில் சந்து கிடைத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் பி.வி.ஏ. கரைந்து வழிவிடும். ரப்பர் சுத்தியலால் பின்னால் தட்டிக்கொண்டே இருந்தால் டப்பென்று ஒரு சத்தத்தோடு விடும்.

புது மூடி

மோல்டைக் கழுவி, 1000ஆம் தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி ஆறு கை வேக்ஸும் பி.வி.ஏ.வும். புது மோல்டில் முதல் பாகம்தான் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஜெல்கோட் சதுர மீட்டருக்கு 600 கிராம் என்றால் 840 கிராம். ஈரத்தில் அரை மி.மீ. தடிமன் வரும். 0.3க்குக் கீழே சுருக்கம், 0.8க்கு மேலே போனால் நாளடைவில் வெடிப்பு. நிறக் குழம்பு சேர்ப்பதாக இருந்தால் முழு அளவையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்துக்கொண்டு, ஹார்டனரை மட்டும் தேவைக்குப் பிரித்துச் சேருங்கள். நிறம் ஒத்துப்பார்க்க வெளுத்துச் சுண்ணாம்பாகிப்போன பரப்பை எடுக்காமல், படகின் ஒரு மூலையைப் பாலிஷ் போட்டு அங்கே வரும் நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறமும் இறுகியபின் தெரியும் நிறமும் ஒன்றல்ல. ஒரு சிறு தகட்டில் இறுகவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜெல்கோட் பூசிய அன்றே மேட் போட்டுவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் அது சுருங்கி மோல்டிலிருந்து அங்கங்கே கிளம்பி நெளியும்.

வெளித் தோல்: 300 கிராம் மேட் ஒன்று, 450 கிராம் மேட் இரண்டு. மேட் 1.7 கிலோ. மேட்டுக்கு ரெசின் எடையில் இரண்டரை மடங்கு, அதாவது 4.2 கிலோ. மேட்டை முதலிலேயே அளவுக்குக் கிழித்து, எடை போட்டு, வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டால் கலந்த ரெசினோடு அலைய வேண்டியதில்லை. ரெசின் அதிகமானால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. இழையில்லாத ரெசின் அப்பளம் மாதிரி நொறுங்கும். தட்டில் வழிந்து தேங்கினால் ரோலரால் ஓரத்துக்குத் தள்ளி எடுத்துவிடுங்கள்.

இப்படி வரும் தோல் 2.7 மி.மீ. இருக்கும். பக்கங்களுக்கு அது போதும், 1.2 மீட்டர் தட்டில் ஆள் நிற்கப் போதாது. அதற்குத்தான் கோர். தட்டின் விறைப்பு தடிமனின் முப்படியில் ஏறும்; தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. நடுவில் எடையில்லாத 12 மி.மீ. பி.வி.சி. நுரைத் தகடு வைத்தால் கிட்டத்தட்ட எடை கூடாமலே மூடி விறைத்துவிடும். தெர்மாகோலை வைத்துவிடாதீர்கள்; ஸ்டைரீன் பட்டதும் கண் முன்னே கரைந்துபோகும்.

நுரைத் தகட்டின் ஓரங்களைச் சரிவாகச் சீவி, அடிப்பக்கம் ரெசின் தடவி, ஈரமான 300 கிராம் மேட் ஒன்றின் மேல் அழுத்தி வைத்து மேலே சமமாகப் பாரம் ஏற்றுங்கள். இறுகிய பிறகு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கீல், பூட்டு, கைப்பிடி வரும் இடங்களில் நுரையை வெட்டிவிட்டு அங்கே மேட் துண்டுகளையே அடுக்கிக் கெட்டியாக்குங்கள். பழைய மூடிகள் அழுகியதற்குக் காரணமே திருகுத் துளை வழியாகக் கோருக்குள் தண்ணீர் இறங்கியதுதான். மறந்துபோய் நுரையிலேயே துளை போட வேண்டி வந்தால், பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் கலந்த ரெசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சரியான அளவில் துளையுங்கள்.

உள் தோல் 450 மேட் இரண்டு அடுக்கு, பக்கச் சுவரில் சில செ.மீ. ஏறும்படி. எல்லாம் சேர்த்து மேட் 3 கிலோ, ரெசின் 7.7 கிலோ. சேதாரத்துக்கு இடம் விட்டு மூன்றரை கிலோவும் 9 கிலோவும் வாங்குங்கள். ஒரு அடுக்குக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒரு நாளுக்குள் போட்டுவிட்டால் இரண்டும் ரசாயனமாகவே ஒன்றாகிவிடும். இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் 80ஆம் தாளில் தேய்த்து, அசிட்டோனில் துடைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை வெட்ட ஒரு நல்ல நேரம் உண்டு. ரெசின் ஜெல்லாகித் தோல் செருப்பு மாதிரி இருக்கும் அந்தப் பத்திருபது நிமிடத்தில் கூரான கத்தியால் இழுத்தாலே வெட்டிவிடலாம். தவறவிட்டால் கிரைண்டரும் தூசியும்தான். சீக்கிரம் வெட்டினால் இழை கத்தியோடு இழுபட்டு அடுக்கு பிரியும்.

இரண்டு மூன்று நாள் மோல்டிலேயே விட்டுக் கழற்றுங்கள். பி.வி.ஏ.வைத் தண்ணீரில் கழுவி முகத்தைப் பாருங்கள். மூலையில் தட்டினால் ஓட்டைச் சத்தம் வந்தால் அங்கே மேட் பாலம் போட்டிருக்கிறது. இன்றைக்கில்லாவிட்டாலும் வெயிலில் அது முட்டை ஓடு மாதிரி உடையும். இப்போதே உடைத்து ஜெல்கோட் வைத்து நிரப்பிவிடுங்கள். மேட்டின் இழை வடிவம் முகத்தில் லேசாகத் தெரிந்தால், ஜெல்கோட் மெல்லியதாகப் போயிருக்கிறது, அல்லது முழுசாக இறுகுமுன் கழற்றியிருக்கிறீர்கள். ஊசிமுனைத் துளைகள் என்றால் ஜெல்கோட்டைக் கலக்கும்போது காற்றை அடித்துச் சேர்த்திருக்கிறீர்கள்.

உள்பக்கம் தொட்டால் பிசுபிசுப்பது குறையல்ல. பாலியஸ்டர் காற்றுப் படும் பரப்பில் முழுசாக இறுகாது. மேட் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதற்கு உதவுவதும் அதுதான். கடைசியாக அதன் மேல் வேக்ஸ் கரைசல் கலந்த ஜெல்கோட்டை ஒரு கை பூசினால் வேக்ஸ் மேலே மிதந்து காற்றைத் தடுத்து, கெட்டியாகக் காயும். என்ஜின் எண்ணெயும் உள்ளே ஊறாது. அதே கலவையை மோல்டுக்குள் முதல் கையாகப் பூசிவிடாதீர்கள். அடுத்து வரும் மேட் அதில் ஒட்டாது.

கீல் துளைகளை முன்பு வரைந்த அட்டையிலிருந்து நேரடியாகக் குறிக்க வேண்டாம். மூடியைப் படகில் உட்காரவைத்து, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா பார்த்து, அந்த நிலையிலேயே குறியுங்கள். பழைய மூடியை அதுவரை எறியாதீர்கள். மோல்டை உள்ளே வேக்ஸ் தடவி, கவிழ்த்து, வெயில் படாத இடத்தில் நாலு மூலையும் தாங்கும்படி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு கோடைக்குள் முறுக்கிக்கொள்ளும்.